கன்னிமார் குளிக்கும் நேரம்

தை மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு, திருப்பூர் வளர்மதி பாலத்துக்குப் பக்கத்தில் வேன் வந்து நின்றது. நாங்கள் பதினான்கு பேர். பதினொரு பேர் எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவர்கள். மற்ற மூன்று பேர் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் ஒடிசாப் பெண்கள். பொங்கல் வந்தால் தென்மாவட்டத்துக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிவிடுவார்கள், ஊரே காலியாகிவிடும். இந்தப் பிள்ளைகளுக்கு லீவு முழுவதும் ரயிலிலேயே கழிந்துவிடும் என்பதால் அறையிலேயே கிடப்பார்கள். அதனால் அவர்களையும் சேர்த்துக்கொண்டோம். ஆடி மாதத்திலிருந்து சனிக்கிழமைச் சம்பளத்தில் ஆளுக்கு முப்பது ரூபாய் எடுத்து வைத்த பணம் வேனுக்கும் சாப்பாட்டுக்கும் ஆயிற்று. நான்கு பெரிய போசிகளில் புளிச்சோறு, அரிசிம்பருப்புச் சோறு, தயிர்ச்சோறு, கத்தரிக்காய்ப் பொரியல். ஒரு டப்பா நிறையக் கச்சாயம்.

செக்கிங்கில் எனக்கு இருபத்தெட்டு வருஷம். தைத்து வரும் பீஸை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல், ஒரு கைக்கும் மறு கைக்கும் நிறம் மாறியிருப்பது எல்லாம் பார்த்து ஒதுக்குவது என் வேலை. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பீஸ் கண்ணைக் கடந்து போகும். நல்ல பீஸைக் கண் நினைவில் வைப்பதில்லை, குறையுள்ளது மட்டுமே தங்கும். இப்படி இருபத்தெட்டு வருஷம் குறை தேடிய கண்ணுக்கு, குறை சொல்ல வழியே இல்லாத ஒன்றை வருஷத்தில் ஒரு நாளாவது காட்ட வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. டூர் என்று நாங்கள் சொன்னாலும் உள்ளுக்குள் எனக்கு அது இந்தத் தவிப்புதான்.

பல்லடம் தாண்டியதும் டிரைவர் தம்பி திரும்பிப் பார்த்துச் சொன்னார். "திருமூர்த்திமலைல இன்னைக்குக் கூட்டமா இருக்குமுங்க்கா. அமராவதி ரோட்டுல எனக்கு ரெண்டு மூணு ஸ்பாட் தெரியும். போர்டு வெச்சிருப்பாங்க, அதக் கண்டுக்காதீங்க. கொஞ்சம் உள்ள எறங்கிட்டா நம்ம ஆளுக மட்டுந்தான். தண்ணிக்குப் பக்கத்துலயே உக்காந்து சாப்புடலாம்."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் அது பொய்யாகிவிடும்.

கை தட்டிய அந்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. அழகான இடத்தைத் தேடிப் போவது சாமி கும்பிடுவதா, வேடிக்கை பார்ப்பதா? அழகைத் தேடிப் போகிறவருக்கு அந்த அழகின் மேல் உரிமை வந்துவிடுகிறதா?

எங்கள் பக்கம் பண்டிகையை நோம்பி என்போம், நோன்பு என்பதன் பேச்சு வடிவம். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி. பெண்பிள்ளைகளெல்லாம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, பாட்டிமார் முன்னே நடக்க, ஆவாரம்பூப் பறிக்கக் கிளம்புவோம். பறித்து முடித்து ஆற்றங்கரையில் கும்மியடித்து, சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய வீடு திரும்புவோம். இன்று பிக்னிக் என்கிறார்களே, அதன் எல்லா அங்கமும் அதில் இருந்தது. அதற்கு நோன்பு என்ற பேரை வைத்த முன்னோர் தெரிந்துதான் வைத்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் ஊர் திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் கரையில். ஆறு ஒரு பாறையைச் சுற்றி வளையும் இடத்தில் ஏழு கல் நட்டிருந்தார்கள். கன்னிமார். கோபுரமோ கதவோ பூசாரியோ கிடையாது. பாட்டி முதல் கவளத்தை இலையில் எடுத்துக் கற்களுக்கு முன் வைப்பாள். கும்பிட்டு முடித்ததும் அதையே எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவாள். நாங்கள் எழுந்து வரும்போது அங்கே ஒரு பருக்கை கிடக்காது. உச்சிப்பொழுது நெருங்கினால் அவளுக்கு அவசரம் வந்துவிடும். "எந்திரிங்க புள்ளைகளா, கன்னிமார் குளிக்க வர்ற நேரம். நாம இருந்தா அவிய வர மாட்டாங்க." நாங்கள் மேட்டில் இருந்த வேலமரத்தடிக்குப் போய், ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருவோம். எனக்குத் திரும்பிப் பார்க்க ஆசையாக இருக்கும். ஒரு தடவை பார்த்தும் விட்டேன். வெயில் பட்டு மின்னிய தண்ணீர் மட்டும் இருந்தது. ஆனால் அந்தத் தண்ணீரை அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

அந்த இடம் இப்போது இல்லை. கல் இருக்கிறது, ஆறுதான் போய்விட்டது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு அது. நான் பெரியவளாகும்போதே அதில் நிறம் வரத் தொடங்கியது. முதலில் மெல்லிய சிவப்பு, பிறகு நீலம், பிறகு எந்த நிறம் என்று சொல்லவே முடியாத ஒரு கருப்பு. விவசாயத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. எந்த விவசாயிக்காக அணை கட்டினார்களோ அவரே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று போராட வேண்டி வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரிக்கிறவர்களே திறக்கலாம் என்றானது.

என் வீட்டுக்காரர் அதற்கு முன் பதினெட்டு வருஷம் சாயப்பட்டறையில் இருந்தவர். இரவு சோறு பிசையும்போது அவர் நகக்கண்ணில் அன்றைய ஆர்டரின் நிறம் இருக்கும். அந்தக் கூலியில்தான் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள். ஆகவே ஆற்றைக் கெடுத்தவர்கள் என்று யாரையோ கை காட்டிவிட்டு நான் ஒதுங்க முடியாது. கன்னிமார் குளித்த தண்ணீரில் எங்கள் வீட்டு நீலமும் கலந்திருக்கிறது. வீட்டு வாசலில் இருந்த சாமியைத் துரத்திவிட்டு, அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி வேறு மலையில் வேறு தண்ணீரைத் தேடி வேன் பிடித்துப் போகிறோம். வருஷா வருஷம் இது என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

டிரைவர் தம்பி சொன்னபடியே திருமூர்த்திமலையில் நிற்க இடமில்லை. மலையடிவாரத்தில் ஓடையை ஒட்டி அமணலிங்கேஸ்வரர் கோயில். ஒரே பாறையில் பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவரும் இருப்பதாகக் கும்பிடுகிறோம். அமணர் என்பது சமணரைக் குறிக்கும் பழைய சொல் என்பதால், பாறையில் இருப்பது வேறு வழிபாட்டின் தடம் என்று சொல்கிறவர்களும் உண்டு. யார் முதலில் கும்பிட்டிருந்தாலும், கல்லையும் தண்ணீரையும் பார்த்த உடனே கை கூப்பியிருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மேலே பஞ்சலிங்க அருவிக்கு ஏறினோம். தண்ணீர் குளிர்ந்து, வெள்ளையாக, இரைந்து விழுந்தது. ஒடிசாப் பெண்களில் சின்னவள் அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. குளிக்க இறங்கினோம். நனைந்த துணியோடு நின்ற எங்களுக்கு எதிரே, பாறை மேல் நான்கைந்து இளவட்டங்கள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அருவியைத்தான் எடுத்தார்களோ என்னவோ. எங்கள் கூட்டத்தில் இருந்த ஒரு பெண் சட்டென்று துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கரையேறிவிட்டாள். அவளுக்கு அருவி அதோடு முடிந்தது.

கீழே கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தபோது தலபுராணம் நினைவுக்கு வந்தது. அத்திரி முனிவரும் அனுசூயையும் இங்கே வாழ்ந்தார்களாம். அவள் கற்பைச் சோதிக்க மூன்று தெய்வங்களும் விருந்தாளிகளாக வந்து சோறு கேட்டார்கள். ஆடையில்லாமல் பரிமாறினால்தான் உண்போம் என்று ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். விருந்தை மறுக்கவும் முடியாது, கேட்டபடி செய்யவும் முடியாது. அவள் தீர்த்தத்தைத் தெளித்தாள். மூவரும் கைக்குழந்தைகள் ஆனார்கள். பிறகு அவர்களுக்குப் பால் கொடுத்தாள்.

சின்ன வயசிலிருந்து இதைப் பத்தினியின் பெருமை என்றே கேட்டு வந்திருக்கிறேன். அன்று அது எனக்கு விருந்தாளியின் பிழையைப் பற்றிய கதையாகத் தெரிந்தது. பசியோடு வந்தவர் சோறு கேட்கலாம், அதில் தவறில்லை. சோறு போடுகிறவள் தன்னை முழுசாகத் திறந்து காட்ட வேண்டும் என்று கேட்டது தெய்வமானாலும் தவறுதான். அதற்கு அவள் சாபம் கொடுக்கவில்லை, பட்டினி போட்டும் அனுப்பவில்லை. அவர்களுடைய கண்ணை மாற்றினாள். கைக்குழந்தையும் தாயைப் பார்க்கிறது. ஆனால் அந்தப் பார்வைக்கு எதையும் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாது.

காட்டுக்குப் போகிற நாம் கேட்பதும் இதைத்தானே? யாரும் பார்க்காத இடத்தைக் காட்டு, போர்டைத் தாண்டி உள்ளே காட்டு, யானை தண்ணீர் குடிப்பதைக் கிட்டத்தில் காட்டு என்கிறோம். மலை நமக்குத் தண்ணீரையும் நிழலையும் தருகிறது. இந்த அடிவாரத்து அணையிலிருந்து பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால்கள் வழியாக எங்கள் மாவட்டத்து வயல்களுக்குப் பாசனத் தண்ணீர் போகிறது. இவ்வளவு தந்ததும் போதவில்லை.

குரங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களில் மூத்தவள் ஒருத்தி, பக்தியுள்ள மனுஷி, ஒரு தாய்க்குரங்குக்குத் தயிர்ச்சோற்றை உருட்டி நீட்டினாள். ஆஞ்சநேயருக்கே கொடுத்த மாதிரி அவள் முகம் மலர்ந்தது. அவள் அன்பைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் பத்து நிமிஷத்தில் ஒரு கூட்டமே வந்து ஒரு குழந்தையின் கையிலிருந்த பையைப் பிடுங்கிக் கீறிவிட்டது. நாம் ஊட்டிப் பழக்கிய கையைத்தான் அவை தேடி வருகின்றன. கொடுப்பதே புண்ணியம் என்று வளர்ந்த நமக்கு, கொடுக்காமல் இருப்பதும் ஒரு ஜீவகாருண்யம் என்று கற்றுக்கொள்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பகல் பதினொன்றரைக்கு அமராவதி அணைப் பக்கம் போனோம். உடுமலையிலிருந்து மூணாறு போகும் சாலை, ஒன்பதாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் காட்டுக்குள் நுழைகிறது. ஆனைமலைப் புலிகள் காப்பகம் அது. அந்த மலைகளுக்குள் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு, கரியன் சோலை, புல்மலைகள் மூன்றையும் சேர்த்து 117 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. மழை மறைவுப் பகுதி என்பதால் தை பிறந்ததுமே மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்கியிருந்தன. அணைத் தண்ணீர் ஒரு பக்கம், குன்று ஒரு பக்கம், நடுவே சாலை. டிரைவர் தம்பி ஓர் இடத்தில் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார். கீழே தண்ணீருக்கு இறங்கும் ஒற்றையடித் தடம். பார்த்தால் மனுஷர் நடந்த தடம் மாதிரியே இருந்தது. போசிகளை எடுத்துக் கையில் பிடித்துவிட்டோம்.

எதிரே பைக்கில் வந்த வனக் காவலர் ஒருவர் இறங்கினார். மலைக் கிராமத்துக்காரர் போலும். மிரட்டாமல், தாழ்ந்த குரலில்தான் பேசினார். "இங்க நிக்காதீங்கம்மா. வண்டிய எடுக்கச் சொல்லுங்க. அதுக தண்ணிக்கு வர்ற நேரம். நீங்க நின்னா அதுக எறங்காது."

கையிலிருந்த போசி எனக்குப் பாரமாகிவிட்டது. நாற்பது வருஷத்துக்கு முன் என் பாட்டி சொன்னதையேதான் அவரும் சொல்கிறார். நாம இருந்தா அவிய வர மாட்டாங்க. அது யானைத் தடம். மேலே ஓடைகள் வற்றும்போது அணையை நம்பி இறங்கும் தடம்.

வேன் நகர்ந்ததும் முணுமுணுப்பு எழுந்தது. "பணக்காரங்க பங்களாவுல தங்குனா மட்டும் யானை வருமாக்கும்?" என்றாள் ஒருத்தி. அந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட என்னால் முடியாது. வெளியே நில் என்ற சொல் எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. 1947-ல் ஆலய நுழைவுச் சட்டம் வந்த பிறகும் ஊர்க் கோயிலின் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டவள் என் பாட்டி. கதவில்லாத கன்னிமார் அவளுக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்தது அதனாலும்தான். ஆகவே, புனிதமான இடம், உள்ளே வராதே என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் பாட்டியின் முகம்தான் தெரியும்.

ஆனால் கோயிலில் இன்னொன்றும் உண்டு. நைவேத்தியத்தின்போது திரை போடுவார்கள். முதல் வரிசையில் நிற்கிற ஊர்ப் பெரியவருக்கும் அது திரைதான், கடைசியில் நிற்கிற எனக்கும் திரைதான். சாமி சாப்பிடுகிற நேரம், யாரும் பார்க்க வேண்டாம் என்று எல்லாரும் கண்ணை மூடிக் காத்து நிற்போம். மணியடித்துத் திரை விலகும்போது சாமியின் முகம் கூடுதல் அழகாக இருப்பதைப் பார்க்காதவர் உண்டா? சிலரை மட்டும் நிறுத்துகிற கதவு தீண்டாமை. எல்லாருக்கும் விழுகிற திரை மரியாதை. காட்டின் எல்லை எனக்குக் கதவாகவும் சிபாரிசுக் கடிதம் வைத்திருப்பவருக்குத் திறப்பாகவும் இருக்குமானால், அதை எதிர்த்து நானும் கொடி பிடிப்பேன். எல்லாருக்கும் ஒரே திரை என்றால் கை கூப்பிக்கொண்டு வெளியே நிற்பேன். அந்த மலைக்குள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிற புலையர், முதுவர் கதை வேறு. அவர்கள் வீட்டு மனுஷர்கள். 2006-ன் வன உரிமைச் சட்டம் அவர்களுடைய உரிமையை ஒத்துக்கொண்டிருக்கிறது. விருந்தாளிக்கு விதித்ததை வீட்டுக்காரருக்கு விதிக்கக் கூடாது.

எங்கள் வார்டு நூலகத்தில் திரு.வி.க.வின் 'முருகன் அல்லது அழகு' இருக்கிறது. இரண்டு முறை எடுத்துப் படித்திருக்கிறேன். இயற்கையின் அழகையே பழந்தமிழர் முருகன் என்று வழிபட்டார்கள் என்பது அவர் கருத்து. முருகு என்றாலே அழகு, இளமை, மணம், தெய்வம் எல்லாம்தான். அவர் எழுதினார் என்பதால் எனக்கு அந்தப் புத்தகம் இன்னும் ஒட்டியது. ஏனென்றால் அவர் எங்கள் ஆள். 1918-ல் சென்னை பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் முன்னின்று உழைத்தவர். நூல் நூற்றுத் துணி நெய்கிறவர்களின் கூலிக்காகப் பேசிய அதே வாய்தான் அழகே கடவுள் என்றும் பேசியது. கூலி உயர்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிற பொருளாக அவர் அழகை நினைக்கவில்லை. செக்கிங் டேபிளில் நிற்கிறவளுக்கும் அது வேண்டும் என்பதை அவரிடமிருந்துதான் தைரியமாகச் சொல்லக் கற்றேன்.

ஆனால் அவர் சொன்னதை நம்பினால் அதற்கு மேல் ஓர் அடி போக வேண்டியிருக்கிறது. அழகே கடவுள் என்றால் கடவுளிடம் நடக்கிற மாதிரிதானே அழகிடமும் நடக்க வேண்டும்? எதிரில் நிற்க நேரம் உண்டு, விலகி நிற்கவும் நேரம் உண்டு. அந்த இரண்டாவதை நாம் மறந்துவிட்டோம். உச்சிப்பொழுதில் ஆற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தபோதுதான் நான் மிக அதிகமாகச் சாமி கும்பிட்டிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. டிரைவர் தம்பியோடு சேர்ந்து கை தட்டியபோது நான் கும்பிடவில்லை.

அன்று சாப்பிட்டது எங்கே என்று கேட்பீர்கள். காட்டை விட்டு வெளியே வந்து, சாலையோரம் ஒரு தோட்டத்துக்காரரிடம் கேட்டு, அவர் களத்துப் புளியமரத்தடியில். போட்டோ எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. தோட்டத்து அம்மா, "வெயில்ல வந்திருக்கீங்களே சாமி" என்று ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். தெற்கே மலை நீலமாகத் தெரிந்தது. கை கழுவிக்கொண்டே எல்லாரும் அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்தார்கள். இந்நேரம் தண்ணீருக்கு வந்திருக்கும் என்று ஒருத்தி சொன்னாள். வேறு யாரும் எதுவும் பேசவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருவியில் அழுத அந்தச் சின்னப் பெண்ணை மட்டும் நஞ்சராயன் குளத்துக்கு அழைத்துப் போனேன். டவுனிலிருந்து ரொம்பத் தூரமில்லை. சர்க்கார் பெரியபாளையத்தில், நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேரும் குளம். சாய ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தும் பறவைகள் கைவிடாத இடம். 2022-ல் தமிழ்நாட்டின் பதினேழாவது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கட்டுச்சோறு இரண்டு பேருக்கு மட்டும். கரையிலேயே உட்கார்ந்தோம். தூரத்தில் ஊசி மாதிரி வால் நீண்ட வாத்துக் கூட்டம் ஒன்று தண்ணீரில் தலை கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, இது எங்க சிலிகாவுல நெறைய வரும்" என்றாள். அவள் ஊர் சிலிகா ஏரிக்கரை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. 1981-லேயே ராம்சார் பட்டியலில் ஏறிய ஏரி அது.

"அங்க யார் இதுக்குச் சோறு போடுவாங்க?"

"யாரும் போட மாட்டாங்க அக்கா. அதுவே வரும். அதுவே போகும்."

முதல் கவளத்தை இலையில் எடுத்து வைத்தேன். கண்ணை மூடி ஏழு கல்லையும் நினைத்துக்கொண்டேன். பிறகு அதை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். சாப்பிட்டு, சிந்திய பருக்கைகளைப் பொறுக்கி இலையோடு மடித்துப் பைக்குள் வைத்தோம். அவள் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். மணியைப் பார்த்தேன். பன்னிரண்டாகக் கால் மணி இருந்தது. கன்னிமார் கதையை அவளுக்குச் சொல்லிக்கொண்டே கரையை விட்டு இறங்கினேன். பாதி தூரம் வந்த பிறகு அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.